சீலை அலுமாரிக்குள் ஒரு ஒலிப்பதிவுக்கூடம்

பாண் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் பின்னேரம் ஐந்தேகாலுக்கு வரும். பெத்தோவனின் 'ஃபர் எலீஸ்' மெட்டைப் போட்டுக்கொண்டுதான் வரும் என்று இலங்கையில் வளர்ந்த ஒருவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு அது ஐந்து மணிக்கே வந்துவிட்டது. நான் அம்மாவின் சீலை அலுமாரிக்குள் தலையை விட்டபடி ஒரு காப்புறுதி விளம்பரத்தின் கடைசி வரியில் நின்றேன். நாற்பது செக்கன் விளம்பரம், பதினேழாவது தடவை. "உங்கள் குடும்பத்தின் நாளைக்காக, இன்றே..." என்று நான் இழுக்க, பின்னால் பெத்தோவன் வந்து சேர்ந்துகொண்டார். குசினிக்குள் இருந்து தம்பி, "அக்கா, கிம்புலா பணிஸ் வாங்கட்டோ?" என்று கத்தினான். அதுவும் பதிவாகியிருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை.

குரல் கொடுக்கிற வேலை செய்கிறேன் என்றால் ஆட்கள் கண்ணாடி போட்ட ஒரு அறையை, காதில் பெரிய ஹெட்ஃபோனை, வெளியில் கையைக் காட்டுகிற ஒரு ஆளை நினைத்துக்கொள்கிறார்கள். என்னுடைய கூடம் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின்னறை. பத்தடிக்கு ஒன்பதடி. மரஅலுமாரி ஒன்று, ஒரு தும்பு மெத்தை, இரண்டு பஞ்சு மெத்தை, அப்பாவின் பழைய கதிரை. கையைக் காட்டுகிறதுக்கு ஒருவரும் இல்லை, கதவைத் தட்டுகிறதுக்கு ஆள் இருக்கு.

தொடங்கினது 2022 ஏப்ரலில். கம்பஸ் முடித்து வேலை ஒன்றும் இல்லாமல் இருந்தேன். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை என்று வீட்டில் ஆளுக்கொரு வரிசையில் நின்ற காலம். கொழும்பில் இருந்த சிநேகிதி ஒருத்தி, மூன்று நிமிட சுகாதார விழிப்புணர்வு வீடியோ ஒன்றுக்குத் தமிழ்க் குரல் வேணுமாம், நீ பாடசாலையில் அறிவிப்பு எல்லாம் செய்தனீதானே, கேட்டுப்பார் என்றாள். ஹோலில் நின்று ஃபோனில் பதிந்து அனுப்பினேன். பதில் ஒரு வரிதான்: குரல் நல்லம், ஆனால் கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டை முதல் தடவையாகக் காதால் பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள். அறைக்கு நடுவில் நின்று ஒருக்கா கை தட்டுங்கள். தட்டின சத்தம் உடனே நிக்குதா, அல்லது 'டிங்' என்று ஒரு வால் இழுபடுதா? சீமெந்துச் சுவர், மாபிள் நிலம், ஒன்றிரண்டு கதிரை மட்டும் உள்ள ஹோலில் அந்த வால் நன்றாகவே கேட்கும். கண்ணுக்கு வடிவான அறை காதுக்குக் கூடாது. சாமான் அடைஞ்சு கிடக்கிற அறைதான் நல்லது.

தம்பிதான் முட்டை அட்டை யோசனையைக் கொண்டுவந்தவன். சந்திக் கடையில் கேட்டு முப்பது அட்டை வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினோம். படம் எடுத்துப் போட்டால் ஸ்ரூடியோ மாதிரித்தான் இருந்தது. சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு கிழமையில் எறும்பும் பல்லியும் குடிவந்ததுதான் மிச்சம். காரணம் எளிது. ஒலி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 340 மீற்றர் போகிறது. 1000 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை 34 சென்ரிமீற்றர் நீளம், 100 ஹேர்ட்ஸ் என்றால் 3.4 மீற்றர். அந்த அலையைப் பிடித்து வைத்திருக்க, அதன் நீளத்தில் காற்பங்கு அளவுக்காவது தடிப்பான, காற்றுப் புகக்கூடிய ஒரு பொருள் வேணும். மெல்லிய கடதாசி அட்டையால் 's' சத்தத்தின் கூரைக் கொஞ்சம் மழுக்கலாம், அவ்வளவுதான். குரலின் உடம்பு அப்படியே சுவரில் பட்டுத் திரும்பி வரும். நாலு அங்குல மெத்தை செய்கிற வேலையை நானூறு முட்டை அட்டையும் செய்யாது.

அப்படித்தான் மெத்தைகள் சுவருக்கு ஏறின. பிறகு அலுமாரி. அம்மா ஒரு ஆசிரியை, முப்பது வருடச் சீலைகள் அதற்குள் இருக்கின்றன. பருத்தி, நைலக்ஸ், பட்டு, அடியில் துணி சுற்றின கூறைச்சீலை. மடித்து அடுக்கியிருந்ததை எல்லாம் தூக்கி ஹாங்கரில் தளர்வாகத் தொங்கவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் இரண்டு கதவையும் திறந்து சீலைகளுக்கு நேரே வாயை வைத்துக் கதைத்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரல் மட்டும் எனக்குக் கேட்டது. சுற்றிவர ஒன்றும் இல்லாத குரல். கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பூச்சி உருண்டை மணத்துக்கு இப்போது பழகிவிட்டேன். எங்கே அந்த மணம் வந்தாலும் தொண்டையைச் செருமத் தோன்றுகிறது.

இதில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்லவேணும், ஏனென்றால் இதைப் பலர் பிழையாகச் செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் மட்டும் துணியைத் தொங்கவிட்டால் போதாது. நாங்கள் பாவிக்கிற மைக் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் கேட்கும், முதுகுப் பக்கத்தைக் குறைவாகக் கேட்கும். அதன் முன்பக்கத்தில் இருப்பது நீங்கள், உங்களுக்குப் பின்னால் உள்ள சுவர். ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் தடிப்பான மெத்தை நிக்கவேணும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் சென்றது.

மைக் கதைக்கு வருவோம். இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு பக்கம், டொலர் விலை ஒரு பக்கம். யூரியூப்பில் எல்லாரும் கொண்டென்சர் மைக் வாங்கு என்கிறார்கள். நானும் ஒரு மலிவான கொண்டென்சரை வாங்கினேன். அது நல்ல மைக்தான், அதுதான் பிரச்சினையே. அணில் கேட்டது, பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் கேட்டது, வேலிக்கு அங்கால் பனையோலை உரசுறது கேட்டது. காங்கேசன்துறை றெயில் பாதை 2015இல் மறுபடி திறந்தபோது பாடசாலைப் பிள்ளையாக ஓடிப்போய்க் கையசைத்தவள் நான். இப்போது அதே றெயில் வருகிற நேரங்களைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டு ஏசுகிறேன்.

அந்த வருட ஒக்டோபரில், பாட்டுக்குழு ஒன்றில் இருந்து வெளிநாடு போகிற ஒரு அண்ணா தன்னுடைய ஷுவர் எஸ்எம் 58ஐயும் ஒரு இன்டர்ஃபேஸையும் விற்கப்போவதாகச் சொன்னார். இரண்டும் சேர்த்து நாற்பத்தாறாயிரம். கோயில் மேடையிலும் கலியாண வீட்டிலும் எல்லாரும் பிடிக்கிற அதே மைக், 1966 முதல் செய்கிறார்கள். டைனமிக் மைக்கில் மந்திரம் ஒன்றும் இல்லை. அதற்கு வாயைக் கிட்டக் கொண்டுபோகலாம், அதுதான் விசயம். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், அணில் இருந்த இடத்திலேயே இருக்கும். நான் நாலு விரல் இடைவெளி விட்டு, நேரே ஊதாமல் கொஞ்சம் சரித்துக் கதைப்பேன். அப்போதுதான் 'ப' வரும்போது படாரென்று அடிக்காது. கிட்டப் போனால் குரலில் தடிப்புக் கூடும், 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் சரி.

அந்த நாற்பத்தாறாயிரத்துக்கு அம்மா தன் கையிலிருந்த இரண்டு காப்பையும் கழற்றித் தந்தா. ஒன்றும் சொல்லவில்லை. வங்கியில் ஈடு வைத்து, துண்டைக் கொண்டுவந்து சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினேன். இனி நான் அலுமாரிக்குள் தலையை விடும்போதெல்லாம் அந்தத் துண்டு ஞாபகம் வரும்.

பதிந்து பார்த்தால் அடியில் ஒரு 'ம்ம்ம்'. எங்களுடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அந்தச் சுருதி அதுதான். கணினியில் கீழ்ச் சத்தத்தை வெட்டினால் 50 போகும், ஆனால் அதன் மடங்குகள் 100, 150 என்று குரலுக்குக் கீழேயே குந்தியிருக்கும். மூன்று நாள் வயரை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினதும் நின்றது. ஆகவே பற்றறியில் மட்டும் பதிவு. பற்றறி இரண்டு மணித்தியாலம் நிக்கும்.

நாட்டில் எல்லாரும் மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் அதற்குக் காத்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. நான் மைக் வாங்கின நேரம் அது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. கரண்ட் போனதும் ஃபேன் நிக்கும், ஃபிரிட்ஜ் நிக்கும், மோட்டர் நிக்கும், நாலு வீட்டு ரீவியும் நிக்கும். ஒன்றும் பேசாமல் பத்துச் செக்கன் பதிந்து அளவைப் பார்ப்பேன். ஃபேன் ஓடும்போது -42 டெசிபல், ஃபேன் நிப்பாட்டினால் -48. இருட்டுக்குள் -63. வெளிநாட்டு ஒலிப்புத்தகக் கொம்பனிகள் -60க்குக் கீழே கேட்கிறார்கள். இருட்டு எனக்கு அதைத் தந்தது. மெழுகுதிரியை அலுமாரிக்குக் கிட்டக் கொண்டுபோக அம்மா விடமாட்டா, ஃபோன் வெளிச்சத்தில் வாசிப்பேன். வேர்வை கண்ணுக்குள் ஓடும்.

இதைப் பார்த்து அப்பா விறாந்தையில் இருந்து சிரிப்பார். "நாங்கள் கேக்கிறதுக்குப் பட்ட பாட்டை நீ கதைக்கிறதுக்குப் படுறாய்" என்பார். 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போன பிறகு, பற்றறியும் வராத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிப்பாட்டிப் பெடலைச் சுத்தி டைனமோவில் றேடியோ கேட்ட ஆட்களில் அவரும் ஒருவர். ஒருவர் சுத்த, மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்களாம். சுத்துறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் அமுங்கிப் போகும். அதற்கு முதல், இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதின் குரலுக்காகக் காத்திருந்த தலைமுறை. அப்பாவுக்கு என் குரலில் குறை சொல்வதற்கு அந்த அனுபவம் போதும். "உன்ர 'ழ' வழுக்குது பிள்ளை. திருப்பிச் சொல்லு." திருப்பிச் சொல்வேன்.

இரவில் பதிவதில் வேறு ஒரு சிக்கல். பதினொரு மணிக்கு ஒரு பெட்டை இருட்டுக்குள் இருந்து "இன்றே அழையுங்கள்... இன்றே அழையுங்கள்" என்று சிரித்த குரலில் பன்னிரண்டு தடவை சொன்னால் ஒழுங்கை என்ன நினைக்கும்? பக்கத்து வீட்டு மாமி வேலியில் நின்று அம்மாவிடம், "ரீச்சர், பிள்ளைக்கு எங்கயும் பேசியிருக்கோ? இரவில கதைச்சுச் சிரிக்கிற சத்தம் கேக்குது" என்று கேட்டிருக்கிறா. அம்மா, "அது காப்புறுதிக்காரரோட" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டா. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

வேலைகள் வந்தன. ஆனால் ஒவ்வொரு வேலையோடும் ஒரு குறிப்பும் வந்தது: 'நியூட்ரல் தமிழ்' வேணும். நியூட்ரல் என்றால் என்ன என்று முதலில் விளங்கவில்லை. 'வெற்றி' என்பதை நாங்கள் சொல்லுகிற மாதிரிச் சொல்லாமல் 'ட்ரி' கேட்கும்படி சொல்லச் சொன்னபோது விளங்கியது. நியூட்ரல் என்றால் சென்னை. சென்னைத் தமிழில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் விளம்பரம் ஓடப்போவது வவுனியாவில், மட்டக்களப்பில், அட்டனில். கேட்கிறவர்களும் எங்கட ஆட்கள், கதைக்கிறவளும் எங்கட ஆள், நடுவில் ஏன் ஒரு கடல்? 'கதையுங்கள்' என்று வாசித்தால் 'பேசுங்கள்' என்று திருத்தி வரும். 'கொஞ்சம் ஸ்வீட்டா' என்று இன்னொரு குறிப்பும் வரும், அது பெண் குரல்களுக்கு மட்டும் வருகிற குறிப்பு. கடன் திட்டத்துக்கு ஆண் குரல், சவர்க்காரத்துக்கு ஸ்வீட்டான பெண் குரல். இரண்டு வருடம் நான் நியூட்ரலாகவும் ஸ்வீட்டாகவும் இருந்தேன். வட்டி கட்ட அது உதவியது, காப்பை மீட்க இல்லை.

பிறகு அந்த மின்னஞ்சல் வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் இளம் பெண் குரல் தேவை, இயல்பான உச்சரிப்பு, மாற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். ஆறாயிரம் வசனங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், சத்தம் -60க்குக் கீழே. எல்லாம் என்னிடம் இருந்தது. காசு இரண்டு காப்பையும் மீட்டு, ஒரு நல்ல மடிக்கணினியும் வாங்கக் காணும்.

எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கத் தேவையில்லை. யாரோ ஒருவருக்கு என்னுடைய 'வெற்றி' அப்படியே வேணுமாம். அன்றிரவே ஐம்பது பரீட்சார்த்த வசனங்களைப் பதிந்து அனுப்பிவிட்டேன். 'உங்கள் கணக்கில் போதிய மீதி இல்லை.' 'நாளை மழை பெய்யக்கூடும்.' 'மன்னிக்கவும், எனக்கு விளங்கவில்லை.' ஒப்பந்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம். சட்டம் படித்த ஒரு அக்காவிடம் காட்டினேன். அவ நாலாம் பக்கத்தில் விரலை வைத்தா. நான் சொல்வதைப் பதிந்து ஒலிபரப்புகிறதற்கு இல்லை. என் குரலை வைத்து ஒரு செயற்கைக் குரலைச் செய்வதற்கு. அது நான் சொல்லாததையும் சொல்லும். காலவரையறை இல்லை, திரும்பப் பெற முடியாது, வேறு யாருக்கும் விற்கலாம், எதற்கும் பாவிக்கலாம்.

வீட்டில் இரண்டு நாள் இதுதான் கதை. அப்பா ஒரு காலம் ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரோடு திரிந்து கோயில் அறிவிப்புச் செய்தவர். "நாங்கள் சொன்னது காத்தோட போச்சு. உது போகாது போல கிடக்கு" என்றார். அம்மா, "உலகத்தில இருக்கிற குரலுகளுக்கு எல்லாம் நடந்தால் உனக்கும் நடக்கட்டுமே. காப்பைக் கேக்கேல்ல நான், ஆனா யோசி" என்றா. தம்பி, "நீங்கள் குடுக்காட்டிலும் ஆரோ ஒரு ஆள் குடுக்கும்" என்றான். அவன் சொன்னது சரி. எனக்கு நினைவில் வந்ததெல்லாம் ஒன்றுதான்: தனியாக இருக்கிற ஒரு அம்மம்மாவின் ஃபோனுக்கு, எங்கட ஊர்ப் பிள்ளையின் குரலில் ஒரு அழைப்பு வருகிறது, "அம்மா, உங்கட வங்கி இலக்கத்தை ஒருக்காச் சொல்லுங்கோ" என்று. சென்னைக் குரலில் கேட்டால் அவ வைத்துவிடுவா. என் குரலில் கேட்டால் சொல்லுவா.

மூன்று விசயம் கேட்டு எழுதினேன். ஐந்து வருடம் என்று ஒரு எல்லை. தேர்தல் பிரசாரத்துக்கும் கடன் அறவிடுகிற அழைப்புகளுக்கும் பாவிக்கக் கூடாது. கைமாற்றுவதானால் என்னிடம் கேட்கவேணும். மரியாதையான பதில் வந்தது, இது எல்லோருக்கும் பொதுவான ஒப்பந்தம், மாற்ற முடியாது என்று. நான் விட்டுவிட்டேன். அனுப்பின ஐம்பது வசனங்களையும் அழிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அந்த ஐம்பதும் எங்கேயோ இருக்கு. ஒப்பந்தத்தைப் பார்க்காமல் ஒரு செக்கன் குரலும் அனுப்பாதீர்கள் என்பதை மைக்குக்கு முதல் யாராவது எனக்குச் சொல்லித் தந்திருக்கவேணும். கட்டாயம் அனுப்பத்தான் வேணும் என்றால், வசனத்துக்கு அடியில் மெல்லிய ஒரு 'பீப்' போட்டு அனுப்புங்கள். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

விட்டது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஈட்டுத் துண்டைப் புதுப்பிக்க வங்கி வரிசையில் நிக்கிற நாளில் பிழை என்று தோன்றும். போன மாதம் வவுனியாவிலிருந்து ஒரு சிநேகிதி வாட்ஸப்பில் ஒரு குரலை அனுப்பி, "இது நீதானே?" என்று கேட்டாள். ஏதோ ஒரு சேவை இலக்கத்தில் அவள் கேட்டதாம். ஹெட்ஃபோனைப் போட்டு நாலைந்து தடவை கேட்டேன். 'கதையுங்கள்' என்று சொல்கிறாள், வடிவாகச் சொல்கிறாள், 'ழ' வழுக்கவில்லை. நான் இல்லை. அப்பாவுக்குப் போட்டுக்காட்டினேன். "ஆற்ற பிள்ளையோ" என்றார்.

இப்போது செய்துகொண்டிருப்பது பார்வை குறைந்த பிள்ளைகளுக்கான பாடப்புத்தக ஒலிப்பதிவு. தரம் எட்டு, வரலாறு. காசு குறைவு, ஆனால் என் வாயில் வருகிறபடியே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது பக்கம் முடிந்தது. ஒரு காப்பு சித்திரையில் மீண்டது, மற்றது இன்னும் வங்கியில். வருகிற கிழமை எங்கள் ஒழுங்கைக் கோயிலில் கொடியேற்றம், பத்து நாளைக்கு லவுட்ஸ்பீக்கர், ஆகவே பதிவு இல்லை. அந்த இடைவெளியில் கதவிடுக்குக்கு றப்பர் அடிக்கவேணும், அம்மாவின் சீலைகளை ஒருக்கா வெயில் காட்டவேணும். யாராவது கொக்குவில் பக்கம் வந்தால் உங்கள் மைக்கையும் கொண்டுவாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஐந்தேகாலுக்கு முதல் வாங்கோ.